ஓலைத்தூக்கு: நெல்லைச் சீமையில் தன்னறிமுக மரபு

ஓலைத்தூக்கு என்பது ஒரு புலவர் தம்மை இன்னார் என்று அறிமுகம் செய்துகொண்டு, தமக்கு வேண்டியதைக் கேட்டு, அரசருக்கோ வள்ளலுக்கோ செய்யுள் வடிவில் எழுதி அனுப்பும் கடிதம் ஆகும். இதற்குச் சீட்டுக்கவி என்ற பெயரும் உண்டு. இன்று வேலைவாய்ப்பு நேர்காணல்களில் 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று கேட்கப்படுகிறது. நிறுவனங்களில் 'எலிவேட்டர் பிட்ச்' என்று ஒரு சுருக்கமான தன்னறிமுகம் பயிற்றுவிக்கப்படுகிறது. இவை புதிய வழக்கங்களாகத் தோன்றினாலும், தன்னைப் பற்றித் தானே எப்போது பேசலாம், எவ்வளவு பேசலாம், யாரைக் கொண்டு பேச வைக்கலாம் என்ற கேள்விகளுக்குத் தமிழில் நெடுங்காலமாகவே விதிகள் உள்ளன. அந்த விதிகளுக்கு விரிவான உரை எழுந்தது தாமிரபரணிக் கரையில். அவற்றின்படி எழுதப்பட்ட மிகப் புகழ்பெற்ற ஓலைகளில் ஒன்று, கடையத்தில் பாரதியார் வாழ்ந்த காலத்தில், 1919ஆம் ஆண்டில் எழுதப்பட்டது.

பெயரும் அமைப்பும்

தூக்கு என்ற சொல்லுக்குச் செய்யுள் என்பது ஒரு பொருள். ஓலையில் எழுதி அனுப்பப்படும் செய்யுள் ஆதலால் ஓலைத்தூக்கு எனப்பட்டது. பிற்காலத்தில் கடிதத்தைச் சீட்டு என்று அழைக்கும் வழக்கம் பரவியபோது சீட்டுக்கவி என்ற பெயர் நிலைத்தது. தனிப்பாடல் தொகுப்புகளில் இவ்வகைப் பாடல்கள் பல இடம்பெற்றுள்ளன.

சீட்டுக்கவிகளைப் படிப்பவர்கள் அவற்றில் பொதுவாக நான்கு பகுதிகளைக் காணலாம்.

1. எழுதுபவர் யார்: புலவரின் பெயர், அவருடைய புலமைச் சிறப்பு.
2. யாருக்கு எழுதுகிறார்: வள்ளலின் பெயர், ஊர், குலம், கொடைச் சிறப்பு.
3. என்ன வேண்டும்: பொன், நெல், ஆடை, குதிரை, உதவித்தொகை என்று கேட்கும் பொருள்.
4. ஏன் தர வேண்டும்: கொடுப்பதால் வள்ளலுக்கு வரும் புகழ் அல்லது அவருடைய கடமை.

பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தகக்கவி வீரராகவ முதலியார் இவ்வகையில் பெயர்பெற்றவர். பார்வையற்றவரான அவர், ஏடுகளில் எழுதாமல் தம் மனத்திலேயே எழுதிப் படித்தவர் என்று தம்மை ஒரு சீட்டுக்கவியில் அறிமுகப்படுத்திக்கொள்கிறார். பிறர் குறையாகக் காணக்கூடிய ஒன்றை அவர் மறைக்கவில்லை. அதற்காக இரக்கமும் கேட்கவில்லை. தம் நினைவாற்றலுக்குச் சான்றாக அதையே முதல் அடியில் வைக்கிறார். பின்னர், குதிரைக்குரிய வேறு பெயர்களை விடுகதை போல அடுக்கிக் குதிரை ஒன்றைக் கேட்கிறார். புலமை உண்டு என்று சொன்னவர், கேட்கும் முறையிலேயே அந்தப் புலமையைக் காட்டியும் விடுகிறார்.

சங்க காலப் பின்னணி

புலவரும் வள்ளலும் சந்திக்கும் காட்சிகள் புறநானூற்றில் நிறைய உண்டு. அவற்றுள் பெருஞ்சித்திரனார், அதியமான் நெடுமான் அஞ்சியிடம் சென்ற நிகழ்ச்சி இங்கே நினைவுகூரத் தக்கது. மலைகளைக் கடந்து வந்த புலவரை நேரில் காணாமலே அதியமான் பரிசில் கொடுத்து அனுப்பினான். பெருஞ்சித்திரனார் அதை ஏற்கவில்லை. தம்மைக் காணாமல், தம் தகுதியை அறியாமல் தரப்படும் பொருளை வாங்கிச் செல்வதற்குத் தாம் வணிகரைப் போன்ற பரிசிலர் அல்லர் என்றார். தகுதியை அறிந்து கொடுத்தால் தினையளவு பரிசும் இனியதே என்றும் கூறினார்.

கேட்பவர் எதிர்பார்ப்பது பொருளை மட்டும் அன்று, தாம் அறியப்படுவதையும்தான் என்பது இப்பாடலின் கருத்து. தன்னறிமுகத்தின் அடிப்படை நோக்கமும் இதுவே. பின்னாளில் எழுந்த ஓலைத்தூக்குகளில் புலவர் தம் புலமையை முதலில் சொல்லிவிட்டுப் பிறகே பொருளைக் கேட்பதற்கு இந்தத் தன்மான உணர்வு ஒரு காரணமாகும்.

நன்னூல் கூறும் விதிகள்

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், தமிழ் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பயின்றுவரும் இலக்கண நூல் ஆகும். அதன் பாயிரப் பகுதி மூன்று செய்திகளைக் கூறுகிறது. மூன்றும் தன்னறிமுகத்தோடு நேரடியான தொடர்புடையவை.

முதலாவது, தற்புகழ்ச்சி தகாது என்பது. ஒருவர் எத்தனை துறைகளில் வல்லவராக இருந்து நூல் செய்து முடித்தாலும், தம்மைத் தாமே புகழ்ந்துகொள்வது முறையன்று. எனவே நூலாசிரியரின் பெருமையைக் கூறும் சிறப்புப் பாயிரத்தை வேறொருவரே எழுத வேண்டும். அவரும் யாரோ ஒருவராக இருக்கக் கூடாது. நூலாசிரியரின் ஆசிரியர், அவருடன் கற்றவர், அவருடைய மாணவர், தகுதியுள்ள உரைகாரர் ஆகியோரே அதற்கு உரியவர்கள். இன்றைய விண்ணப்பப் படிவங்களில் 'உங்களை அறிந்த இருவரின் பெயர்' கேட்கப்படுவதற்கும் இவ்விதிக்கும் நோக்கம் ஒன்றே. வேலையையும் குணத்தையும் அருகிலிருந்து பார்த்தவரின் சொல்லே சான்றாகும்.

இரண்டாவது, சிறப்புப் பாயிரத்தில் சொல்ல வேண்டியவை எவை என்பது. ஆசிரியர் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூற்பெயர், யாப்பு, நூல் சொல்லும் பொருள், கேட்போர், பயன் என எட்டையும், காலம், களம், காரணம் என்ற மூன்றையும் சேர்த்துப் பதினொன்றாகக் கூறுவர். இப்பட்டியலில் கேட்போர், பயன் என்ற இரண்டும் இடம்பெற்றிருப்பது குறிப்பிடத்தக்கது. யார் செய்தார், என்ன செய்தார் என்பதோடு அறிமுகம் முடிந்துவிடுவதில்லை. யாருக்காக, என்ன பயன் கருதி என்பதும் சொல்லப்பட வேண்டும்.

மூன்றாவது, தற்புகழ்ச்சிக்கு அனுமதி உள்ள இடங்கள். புலவர் தம்மைத் தாமே புகழ்ந்துகொள்ளத் தக்க நான்கு சூழல்களை நன்னூல் வரையறுக்கிறது.

1. அரசவைக்கு ஓலைத்தூக்கு அனுப்பும்போது.
2. தம்முடைய ஆற்றலை அறியாதவர்களிடையே இருக்கும்போது.
3. அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதில்.
4. எதிரி தம்மைப் பழித்துப் பேசியபோது.

இந்நான்கையும் சற்று நோக்கினால் விதியின் நுட்பம் விளங்கும். தற்பெருமை பொதுவாகத் தவறு. ஆனால் தன்னைப் பற்றிச் சொல்லாவிட்டால் கேட்பவர் தவறான முடிவுக்கு வந்துவிடுவார் என்ற இடத்தில் அது தவறு ஆகாது. அங்கே அது தகவல் ஆகிவிடுகிறது. வேலைக்கான விண்ணப்பம் முதல் சூழலை ஒத்தது. அறிமுகமில்லாதவர்கள் கூடும் தொழில்முறைக் கூட்டம் இரண்டாவதை ஒத்தது. பலர் போட்டியிடும் நேர்காணல் மூன்றாவதை ஒத்தது.

தாமிரபரணிக் கரையின் உரையாசிரியர்கள்

நன்னூலுக்கு விருத்தியுரை எழுதிய சங்கர நமச்சிவாயர் திருநெல்வேலியைச் சேர்ந்தவர். ஊற்றுமலை ஜமீன்தார் மருதப்பத் தேவர் வேண்டியதற்கு இணங்க அவர் அவ்வுரையை எழுதினார். அதைப் பின்னர் திருத்தியும் விரித்தும் செம்மைப்படுத்தியவர் சிவஞான முனிவர். அவர் பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்தவர். திருவாவடுதுறை ஆதீனத்தைச் சேர்ந்தவர். 1785ஆம் ஆண்டில் மறைந்தவர்.

இவ்விருவரின் உழைப்பில் உருவான உரை தமிழ்க் கல்வியில் பெரிதும் பயன்பட்டது. ஆகவே, எப்போது தன்னைப் புகழலாம் என்ற விதியை விளக்கமாகக் கற்பித்த உரையே நெல்லைச் சீமையின் ஜமீன் ஒன்றின் ஆதரவாலும், நெல்லைச் சீமையில் பிறந்த இரு புலவர்களின் புலமையாலும் அமைந்தது எனலாம்.

ஜமீன்களும் புலவர்களும்

பாளையக்காரர்களின் ஆட்சி முடிவுற்று ஜமீன்தாரி முறை நிலைத்த பிறகும், நெல்லைச் சீமையில் எட்டயபுரம், ஊற்றுமலை முதலிய இடங்களில் புலவர்களை ஆதரிக்கும் வழக்கம் தொடர்ந்தது. சங்கரன்கோவில் பகுதியைச் சேர்ந்த சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார், ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவைப் பெற்றவர். கழுகுமலை முருகன்மீது அவர் பாடிய காவடிச்சிந்து தமிழகமெங்கும் பரவியது. முப்பது வயதை எட்டுமுன், 1891இல் அவர் மறைந்தார்.

ஜமீன் அவைகளில் இடம் கிடைப்பதற்குப் புலமை மட்டும் போதாது. அறிந்தவர் ஒருவரின் பரிந்துரை தேவைப்பட்டது. உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டு முதலிய நூல்களின் ஏடுகளைத் தேடித் திருநெல்வேலி, ஆழ்வார்திருநகரி முதலிய ஊர்களுக்கு வந்தபோது, திருவாவடுதுறை ஆதீனத் தொடர்பும் உள்ளூர்க் கவிராயர்களின் நட்புமே அவருக்கு வீட்டுக் கதவுகளைத் திறந்துவிட்டன.

சாமிநாதையரின் வாழ்க்கையில் வேறொரு பாடமும் உண்டு. 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் என்ற முன்சீபை அவர் சந்தித்தார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டபோது, சாமிநாதையர் தாம் பாடங்கேட்ட அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணம் என நீண்ட பட்டியலைச் சொன்னார். முதலியாரின் முகத்தில் வியப்புத் தோன்றவில்லை. சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் போன்ற நூல்களைப் படித்ததுண்டா என்றே அவர் கேட்டார். பட்டியலின் நீளம் கேட்பவருக்கு ஒரு பொருட்டாக இருக்கவில்லை. ஆயினும் அந்தச் சந்திப்பு வீணாகவில்லை. தாம் அறியாததை ஒப்புக்கொண்டு சிந்தாமணியைக் கற்கத் தொடங்கிய சாமிநாதையர், 1887இல் அதைப் பதிப்பித்தார்.

பாரதியின் முதல் விண்ணப்பம், 1897

சுப்பிரமணிய பாரதியார் 1882 டிசம்பர் 11 அன்று எட்டயபுரத்தில் பிறந்தார். பதினொரு வயதிலேயே எட்டயபுரத்தில் பாரதி என்ற பட்டம் பெற்றார். 1894 முதல் 1897 வரை திருநெல்வேலி இந்துக் கல்லூரியில், அதன் பள்ளிப் பிரிவில் பயின்றார். தந்தை சின்னசாமி ஐயர் எட்டயபுரத்தில் தொடங்கிய பருத்தி ஆலைத் தொழில் நொடித்ததால் குடும்பம் வறுமையில் விழுந்தது.

இந்நிலையில் 1897 ஜனவரியில், பதினான்கு வயது மாணவரான பாரதி, கல்விக்கு உதவி வேண்டி எட்டயபுரம் மன்னருக்குச் செய்யுள் வடிவில் ஒரு கடிதம் எழுதினார். நமக்குக் கிடைக்கும் அவருடைய எழுத்துகளில் மிகப் பழையது இதுவே என்பர். இதன் வாதம் எளிமையும் உறுதியும் உடையது. பொருள் இல்லாமல் கல்வி வராது. கல்வி இல்லாமல் பொருளும் வராது. ஆனால் முதலில் கற்பதே முறை. கற்பதற்குப் பொருள் இல்லாததால் வருந்துகிறேன். வருந்தியதால் உம்மிடம் வந்தேன். மக்களைக் காப்பது வேந்தரின் கடமை என்பது அதன் சாரம்.

இவ்விண்ணப்பத்தில் பெருமிதம் குறைவு, காரணம் மிகுதி. ஒவ்வொரு கூற்றும் முந்தைய கூற்றிலிருந்து பிறக்கிறது. என்ன வேண்டும், ஏன் வேண்டும், ஏன் உம்மிடம் கேட்கிறேன் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை இருக்கிறது. பதினான்கு வயதுச் சிறுவனின் விண்ணப்பம் இன்றும் பயிற்சிக்கு உரிய எடுத்துக்காட்டாக விளங்குவதற்கு இந்தத் தெளிவே காரணம்.

கடையமும் 1919ஆம் ஆண்டும்

1898இல் தந்தை மறைந்தார். காசி வாழ்க்கை, எட்டயபுரம் அரண்மனைப் பணி, 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதத் தமிழாசிரியர் வேலை, அதே ஆண்டில் சென்னை சுதேசமித்திரன் பணி, 1908 முதல் பத்தாண்டுப் புதுச்சேரி வாழ்க்கை எனப் பாரதியின் வாழ்வு நகர்ந்தது. 1918 நவம்பரில் அவர் புதுச்சேரியிலிருந்து வெளியேறியபோது கடலூர் அருகே கைது செய்யப்பட்டார். டிசம்பரில் விடுதலையாகி, மனைவி செல்லம்மாளின் ஊரான கடையத்துக்கு வந்தார். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தாமிரபரணிப் படுகையில் அமைந்த ஊர் இது. இன்று தென்காசி மாவட்டத்தில் உள்ளது. அரசியல் எழுத்துக்கு அரசு விதித்த கட்டுப்பாடும், வருமானம் இல்லாத நிலையும் அவரை நெருக்கின.

1919 மார்ச்சில் காந்தியடிகள் சென்னை வந்து ராஜாஜியின் இல்லத்தில் தங்கியிருந்தபோது பாரதியும் சென்னையில் இருந்தார். அப்போது நடந்த சந்திப்பை வ. ரா. பதிவு செய்துள்ளார். பாரதி உள்ளே சென்று காந்தியின் அருகில் அமர்ந்தார். அன்று மாலை திருவல்லிக்கேணிக் கடற்கரையில் தாம் பேச இருப்பதாகவும், காந்தி தலைமை வகிக்க இயலுமா என்றும் கேட்டார். அன்று வேறு நிகழ்ச்சி இருப்பதால் மறுநாளுக்குக் கூட்டத்தைத் தள்ளிவைக்க இயலுமா என்று காந்தி கேட்டார். இயலாது என்று கூறிய பாரதி, காந்தி தொடங்கவிருந்த இயக்கத்தை வாழ்த்திவிட்டு வெளியேறினார். பிறகு காந்தி, இவர் யார் என்று கேட்டார். தமிழ்நாட்டின் கவி என்று ராஜாஜி விடை கூறினார். இவரைப் பாதுகாக்க வேண்டும் என்று காந்தி கருத்துத் தெரிவித்தார்.

சில நிமிடங்களில் முடிந்த இச்சந்திப்பில் பாரதி என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொன்னார். தாம் யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. நன்னூல் வகுத்த இரண்டாவது சூழல், அதாவது தம் ஆற்றலை அறியாதவரிடம் இருக்கும் சூழல், அங்கே இருந்தது. ஆனாலும் அவர் அந்த அனுமதியைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. அறிமுகம் அவர் சென்ற பிறகே, வேறொருவர் வாயிலாக நிகழ்ந்தது.

இதற்குச் சில வாரங்களுக்குப் பின், 1919 மே மாதத்தில், எட்டயபுரம் வெங்கடேசு ரெட்டப்ப பூபதிக்கு அவர் எழுதிய இரு கவிதைக் கடிதங்கள் முற்றிலும் வேறானவை. அவற்றுள் ஒன்றை அவரே 'ஓலைத்தூக்கு' என்று குறிப்பிடுகிறார். மற்றொன்று 'சீட்டுக்கவி' என்ற பெயரால் அறியப்படுகிறது. நன்னூல் தற்புகழ்ச்சிக்கு அனுமதி தந்த முதல் இடத்தின் பெயரையே தம் கடிதத்துக்கு அவர் சூட்டினார். இனி வருவது மரபு ஒப்புக்கொண்ட தன்னுரை என்பதை அந்தச் சொல்லே உணர்த்திவிடுகிறது.

தமிழைப் புகழில் ஏற்றும் பெருங்கவிஞர் இல்லை என்று தமிழ்நாட்டுக்கு இருந்த பழி தம்மால் நீங்கியது என்று சீட்டுக்கவியில் பாரதி கூறுகிறார். தம் கவிதை சுவையிலும் பொருளிலும் சொல்லிலும் புதியது என்கிறார். தம் பாட்டை வெளிநாட்டுப் புலவர்களும் மொழிபெயர்த்துப் போற்றுவதைச் சான்றாகக் காட்டுகிறார். பல்லக்கு, சால்வை, பொற்பை முதலிய மரியாதைகளோடு தம்மை வரவேற்க வேண்டும் என்று கேட்கிறார். 1897இல் கேட்டவர் மாணவர். 1919இல் கேட்டவர் தாம் யார் என்பதை முழுமையாக அறிந்த கவிஞர்.

எதிர்பார்த்த உதவி அரண்மனையிலிருந்து வரவில்லை.

தமிழ் வளர்ப்புப் பண்ணை, 1920

வள்ளல் ஒருவரை நம்பும் வழி அடைபட்ட நிலையில், 1920இல் பாரதி வேறு வகையான விண்ணப்பம் ஒன்றைத் தயாரித்தார். இம்முறை அது உரைநடையில், எண்களோடு அமைந்தது. தம் எழுத்துகள் அனைத்தையும் 40 புத்தகங்களாக வெளியிடுவது, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிடுவது, எளியவரும் வாங்கும் விலையில் விற்பது என்பது திட்டம். மொத்தம் 4,00,000 பிரதிகள் ஆகும். இதற்கு நண்பர்களும் அன்பர்களும் கடனாகப் பணம் தர வேண்டும் என்றும், அதற்கு வட்டி தரப்படும் என்றும் அறிவித்தார். தீப்பெட்டியையும் மண்ணெண்ணெயையும் போலப் புத்தகங்கள் வீடுதோறும் செல்ல வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

ஓலைத்தூக்கிலிருந்து இவ்வறிக்கை அடிப்படையில் வேறுபடுகிறது. ஓலைத்தூக்கு ஒருவரை நோக்கியது; இது பலரை நோக்கியது. அது பரிசு கேட்டது. இது கடன் கேட்டது. அதில் எழுதுபவரின் பெருமை முன்னே நின்றது. இதில் செய்யப்போகும் வேலையும் கேட்பவர் பெறும் பயனும் முன்னே நின்றன. எனினும் போதிய பணம் திரளவில்லை. 1920 இறுதியில் பாரதி சென்னை திரும்பி மீண்டும் சுதேசமித்திரனில் சேர்ந்தார். 1921 செப்டம்பரில் மறைந்தார்.

ஓலைகள் ஏன் பலிக்கவில்லை

1919ஆம் ஆண்டின் சீட்டுக்கவியில் சொல்லப்பட்ட தன்மதிப்பீடு பொய்யன்று. பாரதிக்குப் பின் வந்த தலைமுறைகள் அதை அப்படியே ஏற்றுக்கொண்டன. அப்படியானால் அது பலிக்காமல் போனதற்குக் காரணம் என்ன?

முதற்காரணம், கேட்கப்பட்டவரின் நிலை. சீட்டுக்கவி மரபு, தம் விருப்பப்படி கொடுக்கவும் மறுக்கவும் வல்ல அரசர்களை மனத்தில் கொண்டு வளர்ந்தது. 1919இல் ஜமீன்தார் ஆங்கில அரசின்கீழ் இருந்தவர். பாரதியோ அதே அரசின் கண்காணிப்பில் இருந்தவர். அவரைப் பல்லக்கில் வரவேற்பது என்பது கவிதைக்குச் செய்யும் மரியாதையோடு நின்றுவிடாது. கேட்ட பொருளைக் கொடுக்கும் செல்வம் இருந்திருக்கலாம். கொடுப்பதற்கு வேண்டிய சுதந்திரம் இருந்ததா என்பது வேறு கேள்வி.

இரண்டாவது காரணம், மதிப்பீட்டின் காலம். தம் கவிதை புதியது என்று பாரதி கூறினார். புதியதன் மதிப்பை அளக்கும் கோல் அப்போது பலரிடம் இல்லை. ஒருவரின் தன்னறிமுகம் உண்மையாக இருந்தும் ஏற்கப்படாமல் போகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தமிழில் அரிது. நிராகரிப்பு வந்த இடத்தில் எல்லாம் தகுதிக் குறைவு இருந்தது என்று கொள்ளக் கூடாது.

பிற்காலத்தில் நடந்தவை இதை உறுதிப்படுத்துகின்றன. கல்கி முதலியோரின் முயற்சியால் பொதுமக்கள் நன்கொடை அளித்து, 1947இல் எட்டயபுரத்தில் பாரதி மணிமண்டபம் திறக்கப்பட்டது. 1949இல் அவருடைய படைப்புகளின் உரிமையை அரசு ஏற்று, பின்னர் பொதுவுடைமை ஆக்கியது. அதன் பிறகு அவருடைய நூல்கள் மலிவு விலையில் பல பதிப்பகங்களிலிருந்து வெளிவந்தன. கடையத்தில் எழுதிய திட்டம் அவர் எண்ணிய வழியில் நிறைவேறவில்லை. ஆனால் அவர் எண்ணிய வீடுகளுக்குப் புத்தகங்கள் சென்று சேர்ந்தன.

இன்றைய தன்னறிமுகத்துக்கு மரபு தரும் வழிகாட்டுதல்

திருநெல்வேலி, பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் படித்து முடிக்கும் மாணவர்கள் பலருக்கு நேர்காணலில் தம்மைப் பற்றிப் பேசுவது கடினமாக உள்ளது. தன்னைப் புகழ்வது தவறு என்று வீட்டில் கற்பிக்கப்பட்டவர்களுக்கு இந்தத் தயக்கம் இயல்பானது. நன்னூலின் விதியை முழுமையாக அறிந்தால் இத்தயக்கம் நீங்கும். வீட்டில் கற்பித்தது விதியின் முதற்பாதி. நேர்காணல் அறை அதன் இரண்டாம் பாதிக்கு உரியது. அங்கே தன் ஆற்றலைச் சொல்வது கடமையே ஆகும்.

ஒரு நிமிடத் தன்னறிமுகத்தை ஓலைத்தூக்கின் நான்கு பகுதிகளைக் கொண்டே தயாரிக்கலாம்.

யார்: பெயர், ஊர், படிப்பு ஆகியவற்றை ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். விண்ணப்பத்தில் ஏற்கெனவே உள்ள மதிப்பெண் பட்டியலைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. சாமிநாதையரின் நீண்ட பட்டியலுக்கு நேர்ந்தது இங்கே நினைவில் இருக்க வேண்டும்.

சான்று: 'நான் கடின உழைப்பாளி' என்பது புகழ்ச்சி. செய்த வேலை ஒன்றைச் சொல்வது சான்று. எடுத்துக்காட்டாக, அம்பாசமுத்திரம் பகுதியைச் சேர்ந்த வணிகவியல் மாணவி ஒருவர், 'எங்கள் நெல் கடையின் கொள்முதல் கணக்கை மூன்று ஆண்டுகளாக நான்தான் எழுதுகிறேன். நோட்டில் இருந்த கணக்கைக் கணினிக்கு மாற்றியதும் நான்தான்' என்று சொன்னால், உழைப்பு என்ற சொல்லே இல்லாமல் உழைப்பு விளங்கிவிடும். வீரராகவ முதலியார் புலமையைக் கேள்வியிலேயே காட்டியதும் இம்முறைதான்.

யாரிடம்: நேர்காணல் நடத்தும் நிறுவனம் என்ன செய்கிறது, இந்தப் பணியில் என்ன தேவை என்பதை முன்னரே அறிந்து, தன் சான்றை அதோடு இணைக்க வேண்டும். வள்ளலின் ஊரையும் கொடையையும் அறியாமல் எந்தப் புலவரும் ஓலை எழுதவில்லை.

என்ன, ஏன்: எந்தப் பணியை விரும்புகிறார், அதில் என்ன பயன் தர இயலும் என்பதோடு முடிக்க வேண்டும். சிறப்புப் பாயிரத்தின் 'கேட்போர்', 'பயன்' ஆகிய இரண்டும் இங்கே வருகின்றன. 1897ஆம் ஆண்டுக் கடிதத்தைப் போல ஒரு காரணம் அடுத்ததற்கு இட்டுச் செல்லுமாறு அமைத்தால் மனப்பாடம் செய்யாமலே நினைவில் நிற்கும்.

எழுதியதை வாய்விட்டுப் படித்து, நேரம் பார்த்து, மிகையானதை நீக்க வேண்டும். நண்பர் ஒருவரிடம் சொல்லிக் காட்டி, அவர் நினைவில் எது நின்றது என்று கேட்பது நல்ல சோதனை. நின்றது ஒன்றுமில்லை என்றால் சான்று போதவில்லை என்று பொருள். அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' போன்ற திறன் பயிற்சித் திட்டங்களிலும், கல்லூரி வேலைவாய்ப்புப் பிரிவுகளிலும் நேர்காணல் பயிற்சி பெற வாய்ப்பு உண்டு. தன்னைப் பற்றிச் சொல்லக்கூடிய ஆசிரியர் ஒருவரிடமோ, பயிற்சிக் காலத்தில் மேற்பார்வையிட்டவரிடமோ முன்கூட்டியே அனுமதி பெற்று அவர் பெயரைக் குறிப்பிடுவதும் தேவை. சிறப்புப் பாயிரம் எழுத உரியவர்கள் என்று நன்னூல் காட்டியவர்களும் இத்தகையவர்களே.

ஓலைத்தூக்கின் வரலாறு, நன்றாகத் தயாரித்த அறிமுகம் எப்போதும் வெற்றி தரும் என்று உறுதி கூறவில்லை. தன்னைப் பற்றி உண்மையைச் சொல்வது கேட்பவரின் கையில் ஒரு சான்றை ஒப்படைப்பது மட்டுமே. அதை ஏற்பதும் மறுப்பதும் அவருடைய சூழலைப் பொறுத்தது. ஒரு ஓலை பலிக்காதபோது பாரதி தம் மதிப்பைக் குறைத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டில் வேறு வடிவில், வேறு மக்களிடம், தெளிவான எண்களோடு மீண்டும் எழுதினார். நேர்காணல் முடிந்து வெறுங்கையோடு பேருந்து ஏறும் மாணவர் ஒருவர் கடையத்து வாழ்விலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இதுவே.